டாங்கியும் அதன் சிறு மனிதரும்

உங்கள் கையில் அளவுகோல் ஒன்று இருக்குமானால் அதில் 5 செண்டிமீட்டரைக் குறித்துப் பாருங்கள். நடுவிரலின் நீளங்கூட இராது. 175 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதனை 35 பங்கில் ஒரு பங்காகச் சிறுக்கினால் அவன் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுவான். அவ்வளவு சிறிய உருவத்தில் தலைக்கவசத்தின் வாரும், காதிற் பொருத்திய ஒலிக்கருவியும், மேற்சட்டையின் பொத்தானும், சில நாளாகச் சவரம் காணாத கன்னத்தின் நிழலும் தெரியும்படி டாங்கி வீரர்களைச் செய்கிறார்கள். அவர்களை ஒரு சிறு டாங்கியின் மீதும் அருகிலும் நிறுத்தி, பின்னே இடிந்த சுவர் ஒன்றையும் முன்னே சேற்றுப் பாதை ஒன்றையும் அமைத்து, இரண்டாம் உலகப் போரின் ஒரு கணத்தை மேசைமேற் காட்டும் கலை உலகின் பல நாடுகளில் வளர்ந்திருக்கிறது. இவ்வகைக் காட்சி அமைப்பை டயோராமா என்று வழங்குகிறார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், களிமண்ணாலும் அட்டையாலும் கோட்டை கொத்தளங்களைச் செய்து வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கற்பித்தார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்தியபோது நான் கண்டது இதுதான்: ஒரு பொருளின் மாதிரியைச் செய்ய உட்காருகிற பையன், பாடநூல் எழுதியவர் எண்ணியும் பாராத கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறான். டாங்கிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? யார் எங்கே அமர்ந்தார்கள்? அவர்கள் உடை ஏன் கறுப்பு? சுற்றிலும் இரும்புச் சுவர் இருக்க, தலைவன் எதற்காகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறான்? இவற்றிற்கு விடை தேடப் புகுந்தால் போரின் வரலாற்றிலேயே ஒரு பகுதியைக் கற்றவர்களாவோம்.

வீரர்களைச் சிறு உருவமாக்கும் ஆசை மிகப் பழையது. எகிப்து நாட்டில் அஸ்யூத் என்னும் ஊரில் மெசெஹ்தி என்ற அதிகாரியின் கல்லறையில் மரத்தாற் செய்த இரண்டு படையணிகள் கிடைத்தன. ஒன்றில் 40 எகிப்திய ஈட்டி வீரர். மற்றொன்றில் 40 நூபிய வில்லாளர். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக அவர்கள் நடைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஹில்பர்ட் என்ற கைவினைஞர் குடும்பம் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றது. 1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவர், உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவில் உள்ளதைத் திருப்பிக் கொட்டிவிடும் முறையால் உள்ளே கூடான பொம்மைகளைச் செய்தார். ஈயம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர் கைக்கும் படை கிடைத்தது. டயோராமா என்ற சொல்லோ பொம்மைக் கடையிலிருந்து வந்ததன்று. புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1822இல் பாரிஸ் நகரில் திறந்த ஒரு காட்சிச்சாலைக்கு அப்பெயரிட்டார். மெல்லிய திரையில் தீட்டிய பெரிய ஓவியத்தின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பொழுது மாறுவதுபோற் காட்டிய சாலை அது. பின்னாளில் அந்தச் சொல் சிறு உருவங்களை வைத்து அமைக்கும் காட்சிக்கு வந்து சேர்ந்தது.

டாங்கி வீரர்களிடம் போவதற்கு முன், டாங்கியே பிறவாத காலத்து மனிதர் ஒருவரைப்பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இக்கலையின் பெருமையும் அபாயமும் அவர் வாழ்க்கையில் ஒருங்கே விளங்குகின்றன. வில்லியம் சைபோர்ன் என்பது அவர் பெயர். பிரிட்டிஷ் படையில் அதிகாரி. நெப்போலியன் வீழ்ந்த வாட்டர்லூ போர் 1815 ஜூன் 18ஆம் நாள் நிகழ்ந்தது. அப்போரில் சைபோர்ன் கலந்துகொள்ளவில்லை. எனினும் 1830இல் அப்போர்க்களத்தின் மாதிரியைச் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடும் பள்ளமும் வேலியும் பாதையும் அளந்தார். பிறகு, அப்போரிலிருந்து உயிரோடு மீண்டிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? எந்த அமைப்பில் நின்றது? எதிரே இருந்த பகைவர் யார்? அந்த நிலத்தில் என்ன பயிர் விளைந்திருந்தது? இப்படிக் கேட்டு எழுதினார். பயிரைக்கூட விடவில்லை பாருங்கள்! பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவருடைய மகன் 1891இல் அவற்றுள் ஒரு பகுதியைத் தொகுத்து வெளியிட்டார். இன்றும் வாட்டர்லூவைப்பற்றி எழுதுவோர் அக்கடிதங்களைத் தேடிச் செல்கிறார்கள். ஒரு மாதிரியைச் செய்யக் கேட்ட கேள்விகள் ஓர் ஆவணக் களஞ்சியத்தையே ஈந்துவிட்டன.

மாதிரி 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. அதில் 70,000க்கு மேற்பட்ட சிறிய உலோக வீரர்கள். ஆனால் இடையில் அரசாங்கம் பண உதவியை நிறுத்திவிட்டது; சைபோர்ன் கடனில் மூழ்கினார். அதனினும் பெரிய துன்பம் வேறு. பிரஷ்ய நாட்டுப் படை எந்த நேரத்தில், எவ்வளவு பெரிய அளவில் களத்திற்கு வந்து சேர்ந்தது என்பது அன்று கூச்சமான கேள்வி. சைபோர்ன் தாம் திரட்டிய சான்றுகளின்படி பிரஷ்யரைப் பெருந்திரளாக நிறுத்தினார். வெலிங்டன் பிரபுவுக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் அது பிடிக்கவில்லை. வெற்றியின் பெரும்பங்கு பிரஷ்யருக்குப் போய்விடுமே! பலவகை நெருக்கத்திற்குப்பின் சைபோர்ன் பிரஷ்ய உருவங்களுள் பலவற்றை எடுத்துவிட இசைந்தார். அந்த மாதிரி இப்போது இலண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே நான் சற்று நின்று ஒன்று சொல்கிறேன். புத்தகத்தில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் கூர்ந்து படிப்பவன் இடைவெளியைக் கண்டுகொள்ளலாம். மேசைமேல் நின்ற சிறு வீரர்களை எடுத்துவிட்டுப் புல்லை ஒட்டிவிட்டால் அங்கே யாரும் நின்றதே இல்லை என்றாகிவிடுகிறது. உருவத்தை வைப்பது ஒரு கூற்று. எடுப்பதும் ஒரு கூற்று. டாங்கி வீரர்களின் சிறு உருவங்களை நான் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன்.

இனி டாங்கிக்கு வருவோம். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டில் ஃபிளேர் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் பிரிட்டிஷார் முதன்முதல் டாங்கிகளைப் போரில் இறக்கினர். ஒவ்வொன்றிலும் 8 பேர். அந்த எண்ணிக்கையே ஒரு கதை சொல்லும். வண்டியைச் செலுத்தவும் திருப்பவும் மட்டும் நால்வர் தேவைப்பட்டனர். தலைவன் தடைகளைப் பிடிக்க, ஓட்டி ஓட்ட, பின்னே இருவர் பற்சக்கரங்களை மாற்ற வேண்டும். மற்ற நால்வர் பக்கங்களில் இருந்த பீரங்கிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் கவனித்தனர். 105 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் மறைப்பு ஏதுமின்றி அவர்கள் நடுவிலேயே கிடந்து முழங்கியது. வெப்பம் சில சமயம் 50 பாகை செண்டிகிரேடை எட்டியது. பேச்சு கேளாது, இரும்பில் தட்டியும் கைச்சைகை காட்டியும் ஆணைகளைத் தெரிவித்தனர். வெளியே குண்டு பட்டபோது உட்புறத்திலிருந்து இரும்புத் துணுக்குகள் தெறித்ததால், தோலாற் செய்த முகமூடி ஒன்றை அணிந்தனர். கண்ணுக்குக் கீற்றுத் துளைகள், வாய்க்குக் கீழே தொங்கும் சங்கிலி வலை. முதல் உலகப் போர் வீரனின் சிற்றுருவத்தில் இந்த முகமூடியைக் காணும் மாணவன் ஏதோ அரக்க வேடம் என்று நினைப்பான். அது கண்ணைக் காத்துக்கொள்ள மனிதன் செய்த ஏற்பாடு.

1918இல் களம் புகுந்த பிரெஞ்சு நாட்டு ரெனோ டாங்கியில் இருவரே. முன்னே ஓட்டி, அவன் பின்னே சுழலும் கோபுரத்தில் தலைவன். தலைவன் தன் காலால் ஓட்டியின் முதுகையும் தோளையும் தொட்டு வழி காட்டினான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் தனிக்கோபுரம் பின்னாளில் பிரான்சுக்குச் சிரிப்பிற்குரியதாக இருக்கவில்லை. 1940இல் ஜெர்மனி படையெடுத்தபோது சோமுவா முதலிய பிரெஞ்சு டாங்கிகளின் கவசம் ஜெர்மானிய டாங்கிகள் பலவற்றினும் தடித்தது, பீரங்கியும் நன்று. கோபுரத்தில் மட்டும் ஒருவனே. அவனே பகைவனைத் தேட வேண்டும், அவனே குண்டைத் திணிக்க வேண்டும், அவனே குறிபார்த்துச் சுட வேண்டும், அவனே ஓட்டிக்கு ஆணையிட வேண்டும். அவன் அணித்தலைவனாகவும் இருந்துவிட்டால் மற்ற டாங்கிகளையும் அவனே நடத்த வேண்டும். எதிரே வந்த ஜெர்மானியரின் மூன்றாம் வகைப் பான்சர் டாங்கியில் ஐவர்: தலைவன், சுடுவோன், குண்டு திணிப்போன், ஓட்டி, வானொலிக் கருவியாளன். அங்கே தலைவனுக்கு ஒரே வேலை: பார்ப்பது, முடிவு செய்வது, சொல்வது. கழுத்தில் கட்டிய ஒலிவாங்கியின் வழியாக அவன் சொல் மற்றவர் காதிற்குச் சென்றது. பிரான்சின் தோல்விக்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒன்றை இரண்டு சிற்றுருவத் தொகுதிகளை அருகருகே வைத்து எண்ணியே காட்டிவிடலாம்.

இதே கணக்கை என் மாணவன் ஒருவனுக்கும் போட்டுக்காட்ட நேர்ந்தது. அவன் 1943ஆம் ஆண்டுக்குரிய சோவியத் தி-34 டாங்கியை மிக நேர்த்தியாகச் செய்து, ஐந்து வீரர்களை அதன்மேல் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். அந்த ஆண்டின் தி-34இல் நால்வரே. தலைவனே சுடுவோனாகவும் இருந்தான். 85 மில்லிமீட்டர் பீரங்கியும் பெரிய கோபுரமும் கொண்ட வகை 1944இல் வந்தபின்னரே ஐந்தாமவனுக்கு இடம் கிடைத்தது. நான் இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. ஐவருக்கும் அவன் தனித்தனியே முகம் தீட்டியிருந்தான். "யாரை ஐயா எடுப்பது?" என்று கேட்டான். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்று மாலை அவனே ஒரு விடை கண்டான். டாங்கியின்மீது நால்வரை வைத்து, ஐந்தாமவனை எரிபொருட் பீப்பாயின் பக்கத்தில் நிறுத்திப் பழுதுபார்க்கும் படைக்கு மாற்றிவிட்டான்!

அந்த 35 பங்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் காரணம் ஏதும் இல்லை. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் மரவாணிகத்தில் தொடங்கி, மர மாதிரிகளைச் செய்து, அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் சந்தைக்கு வந்ததும் தானும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1960இல் யமாட்டோ என்ற போர்க்கப்பலைச் செய்தது. அடுத்து, ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியைத் தானே ஓடும்படி செய்ய எண்ணினர். அதற்கு மின்னோடியும் மின்கலங்களும் வண்டிக்குள் அடங்க வேண்டும். மின்கலம் அடங்கும் அளவில் வண்டியை அமைத்துவிட்டுப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது உண்மை டாங்கியில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு வந்ததாக அந்நிறுவனத்தின் ஷுன்சாகு தமியா எழுதியிருக்கிறார். மின்கலத்தின் தடிமன் நிர்ணயித்த விகிதம் உலகத்து மாதிரிக் கலைஞர்களின் விதியாகிவிட்டது! அவரே பின்னாளில் அமெரிக்காவின் அபர்டீன் படைக்கல அருங்காட்சியகத்திற்குச் சென்று, அங்கு நின்ற டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். சைபோர்ன் பண்ணை வீட்டில் தங்கியது என் நினைவுக்கு வருகிறது.

தானே ஓடும் டாங்கி சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள். ஓடாமல் நின்று பார்க்கப்படும் டாங்கிக்கு ஆள் வேண்டும். 1968இல் தமியா போர்க்களச் சிற்றுருவ வரிசை ஒன்றைத் தொடங்கியபோது அதன் முதல் எண்ணைப் பெற்றது ஜெர்மானிய டாங்கி வீரர்களின் தொகுதியே. இவ்வுருவங்களைச் செய்யும் முறை எளிது. எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். உடலும் காலும் கையும் தலையும் தனித்தனி உறுப்புகளாக ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வெளிவரும். வாங்குவோன் அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். அச்சு நேராகத் திறந்து மூட வேண்டியிருப்பதால் ஆழமான மடிப்புகளை ஒரே உறுப்பில் கொண்டுவர முடியாது. பின்னர் ரப்பர் அச்சில் பிசினை ஊற்றிச் செய்யும் சிறு பட்டறைகள் தோன்றியபோது அந்தக் குறை நீங்கிற்று. ரப்பர் வளைந்து கொடுக்குமல்லவா? அமெரிக்காவில் ஷெப்பர்ட் பெயின், பெல்ஜியத்தில் பிரான்சுவா வெர்லிண்டன் ஆகியோர் காட்சி அமைப்பை ஒரு கலையாகவே உயர்த்தினர். பெயின் மானோகிராம் நிறுவனத்தின் பெட்டிகளுக்குள் வைத்த சிறு பிரசுரங்களைப் பார்த்தே பலர் இத்துறைக்கு வந்தார்கள். காட்சி ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் போதனை.

உடைகளைப்பற்றி ஒரு சொல். ஜெர்மானிய டாங்கி வீரனின் உடை கறுப்பு. எண்ணெயும் கரியும் தெரியாமலிருக்க அது உதவிற்று. சட்டை குட்டையாகவும் இறுக்கமாகவும் இருப்பது உள்ளே எதிலும் சிக்காமலிருக்க. பிரிட்டிஷ் டாங்கிப் படை 1924இல் கறுப்பு பெரே தொப்பியை மேற்கொண்டதற்கும் எண்ணெய்க்கறை ஒரு காரணம். விளிம்பில்லாத தொப்பியோடு காட்சித் துளையில் கண் வைப்பதும் எளிது. சோவியத் வீரனின் தொப்பியில் தடித்த வரம்புகள் ஓடும். அவை தலை இரும்பில் மோதாமலிருக்கப் பஞ்சு திணித்தவை. அமெரிக்கனின் கவசம் அந்நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர் அணிவதை ஒத்தது. ஜெர்மானியக் கழுத்துப்பட்டையில் உள்ள மண்டையோட்டுச் சின்னத்தைப் பார்த்ததும் இட்லரின் எஸ்.எஸ். படை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது பழைய பிரஷ்யக் குதிரைப்படையின் சின்னம். சாதாரண டாங்கிப் படையும் அதை அணிந்தது. எஸ்.எஸ். படையின் மண்டையோடு வேறு வடிவம் கொண்டது.

கடைத்தட்டுகளில் இந்தக் கறுப்புடைக்காரரே மிகுதி. அவ்வுடை கண்ணைக் கவர்கிறது. அவர்கள் டாங்கிகளும் கவர்ச்சியானவை. எனக்கு இதில் மனக்குறை உண்டு. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86-அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவிற் காட்டுவதைத் தடை செய்கிறது. அதனால் பெட்டிப் படங்களில் ஸ்வஸ்திகாச் சின்னம் மறைக்கப்படுவதும், ஒட்டுப்படத்தில் அது இரண்டு மூன்று துண்டுகளாக அச்சிடப்படுவதும் வழக்கமாயிற்று. சின்னம் போய்விட்டது, சட்டையின் அழகு எஞ்சிவிட்டது. அச்சட்டையை அணிந்தவன் எந்த ஆட்சிக்காக எந்த நாட்டு மண்ணில் ஏறி நின்றான் என்பதைச் சிற்றுருவம் தானாகச் சொல்லாது. செய்பவன் சொல்ல வேண்டும்.

சைபோர்னின் பிரஷ்யரைப்போல் இங்கும் அகற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா என்ற சோவியத் பெண்மணியின் கணவர் 1941இல் போரில் மாண்டார். அம்மையார் தம் உடைமைகளை விற்று 50,000 ரூபிள் திரட்டி, அதனால் ஒரு டாங்கி செய்யவும் அதைத் தாமே ஓட்டவும் அனுமதி கேட்டார். கிடைத்தது. பயிற்சி பெற்று, 1943 அக்டோபரில் தி-34 ஒன்றின் ஓட்டியாகக் களம் கண்டார். சண்டைக்கு நடுவே அறுந்த சங்கிலிப் பட்டையைச் செப்பனிட வெளியே இறங்குவது அவருக்கு வழக்கமாயிற்று. 1944 ஜனவரியில் அப்படி இறங்கிய ஒரு வேளையில் குண்டுத் துணுக்கு கண்ணருகே தாக்கிற்று. மார்ச்சில் உயிர் நீத்தார். அமெரிக்கப் படையின் 761ஆம் டாங்கிப் பிரிவில் கறுப்பின வீரர்களே நிரம்பியிருந்தனர். 1944 நவம்பரில் பிரான்சில் களம் புகுந்து 183 நாள் போரிட்டனர். அவர்களுடைய பிரிவுக்கு உரிய குடியரசுத் தலைவர் பாராட்டு 1978இல்தான் வந்து சேர்ந்தது. 1945இல் பர்மாவில் மெய்க்டிலா நகரைப் பிடித்த படைகளில் இந்தியக் குதிரைப்படை மரபைச் சேர்ந்த புரோபின் பிரிவும் இருந்தது. அவர்கள் ஓட்டியவை ஷெர்மன் டாங்கிகள். இத்தகையோருக்கு உருவம் வேண்டுமானால், பெரும்பாலும் வேறு பெட்டி வீரனின் தலையை மாற்றியும் தொப்பியை நீக்கித் தலைப்பாகையை மெழுகுக் களியால் உருட்டியும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. செய்வதற்குத் தகுந்த வேலைதான்.

கடைசியாக, அந்த நீட்டிய தலைக்கு வருகிறேன். டாங்கித் தலைவனின் சிற்றுருவம் பெரும்பாலும் இடுப்புவரைதான் இருக்கும். காலே கிடையாது. கோபுர மூடியைத் திறந்து உட்செருகிவிட்டால் போதும் என்று செய்தது. நவராத்திரிக் கொலுவில் பாதி உருவத்தை யாரும் வைக்கமாட்டார்கள். இங்கோ அந்தப் பாதி உருவந்தான் கருத்துக்குரியது. மூடியை அடைத்துக்கொண்டால் தலைவனுக்குச் சிறு துளைகளின் வழியே தெரிவது மிகச் சொற்பம். பள்ளமும் பகைவனும் தெரியவேண்டுமானால் தலையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் துப்பாக்கிக்கு இலக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டே அவன் போரை நடத்தினான்.

இதை நம் நாட்டு மண்ணிலேயே காணலாம். மணிப்பூரின் இம்பால் சமவெளிக்கு வடகிழக்கே நுன்ஷிகும் என்ற குன்று ஆயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. 1944 ஏப்ரலில் ஜப்பானியர் அதைப் பிடித்துக்கொண்டனர். அங்கிருந்து நோக்கினால் சமவெளி முழுவதும் கண்ணெதிரே. அதை மீட்க ஏப்ரல் 13ஆம் நாள் 17ஆம் டோக்ரா படைப்பிரிவின் முதல் பட்டாளம் ஏறிற்று. துணையாக 3ஆம் காராபினியர் என்ற பிரிட்டிஷ் படையின் 'பி' அணி, லீ என்ற கனத்த டாங்கிகளோடு ஏறிற்று. டாங்கி அங்கே ஏறும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. முதுகு போன்ற குறுகிய உச்சியில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் ஊர்ந்தன. பக்கங்களில் செங்குத்துச் சரிவு. ஒரு முழம் தவறினால் உருண்டுவிடும். தலைவர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கு வழிசொன்னாலன்றி மேலே போக முடியாது. நீட்டினார்கள். சில முழ தூரத்தில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். டாங்கி அணியின் அதிகாரிகளும் டோக்ராப் பட்டாளத்தோடு ஏறிய பிரிட்டிஷ் அதிகாரிகளும், கொல்லப்பட்டோ காயமுற்றோ, எல்லாரும் வீழ்ந்தனர். எஞ்சிய டாங்கிகளை ஸ்குவாட்ரன் சார்ஜண்ட் மேஜர் கிராடக் நடத்தினார். காலாட்படையைச் சுபேதார் ரண்பீர் சிங் நடத்தினார். இருவரும் ஒருவரோடொருவர் கலந்து மறுபடியும் முயன்று உச்சியைப் பிடித்தனர். பிற்காலத்தில் அப்படையின் வழிவந்த பிரிவில், அந்த நாளை நினைவுகூரும்போது 'பி' அணி அதிகாரிகள் எவருமின்றிச் சார்ஜண்ட் மேஜரின் ஆணைப்படியே அணிவகுக்கும் வழக்கம் ஏற்பட்டது.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ கண்காட்சி நடக்குமானால் இக்காட்சியை அமைத்துப் பாருங்கள். விலையுயர்ந்த பிளாஸ்டிக் தொகுதி வேண்டியதில்லை. களிமண்ணும் மெழுகும் அட்டையும் போதும். விகிதத்தை மட்டும் முதலில் நிர்ணயித்துக்கொண்டு மனிதனுக்கும் வண்டிக்கும் மரத்திற்கும் அதே கணக்கைப் போடுங்கள். குன்றின் முதுகை அகலமாக்கிவிடாதீர்கள். இரண்டு டாங்கிகள் பக்கம்பக்கமாகச் செல்லும்படி அமைத்தால் அன்று நடந்தது ஒருவருக்கும் விளங்காது. டோக்ரா வீரர்களை டாங்கிகளுக்குப் பின்னும் சரிவிலும் நிறுத்துங்கள். ஜப்பானியரின் பதுங்குகுழிகளையும் அவற்றிலுள்ள ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் அன்று அங்கே இறந்தவர்கள். முகங்களுக்கு வண்ணம் தீட்டும்போது எல்லாரையும் ஒரே நிறமாக்காமல், வெயிலிலும் புழுதியிலும் பல நாள் கிடந்த மனிதர் என்பதை நினைவில் வைத்துத் தீட்டுங்கள். பின்னால் வரும் டாங்கியின் கோபுரத்தில் கிராடக்கின் பாதி உருவத்தைச் செருகலாம். முன்னால் நிற்கும் டாங்கியின் மூடியையும் திறந்தே வையுங்கள். அதில் யாரையும் நிறுத்த வேண்டாம்.